செருமல்

ஓடுதளத்துக்குச் சற்று முன்னால், பனங்காட்டில் விழுந்து நொறுங்கிய சின்ன விமானத்தின் கறுப்புப் பெட்டியில் கடைசியாக ஒரு குரல் இருந்தது. முதலில் ஒரு செருமல். பிறகு, "ஓடுதளம் தெரியலேன்னா என்ன, எறக்கிரலாம்." அதைச் சொன்னவர் தலையில்தான் அத்தனை பழியும் விழும். இரைச்சலில் அது கேப்டனா, துணை விமானியா என்று பிரிக்க முடியாததால் இரண்டு வீட்டாரையும் அழைத்திருந்தார் விசாரணை அதிகாரி.

கேப்டனின் மனைவி சுகிர்தாவுக்குச் செருமலே போதுமாக இருந்தது. பதினேழு வருடமாக, ஒன்றை முடிவு செய்துவிட்டால் கணவர் அப்படித்தான் செருமுவார்.

"எங்க வீட்டுக்காரர் இல்ல சார்."

அதிகாரி துணை விமானியின் அப்பா அருளாண்டியைப் பார்த்தார்.

"அப்போ எம் மகனாத்தான் இருக்கும். ரெண்டு வருசமா எங்கிட்டப் பேசல. கொரலே மாறிப்போச்சு."

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அந்தக் கொரல இன்னொரு தடவ போடுங்க சார்" என்று கெஞ்சினார்.

அதிகாரி போட்டார். செருமல் வந்ததும் அருளாண்டி சுகிர்தாவின் பக்கம் திரும்பினார்.

"சளி புடிச்சிருக்கு பாருங்கம்மா. மருந்து தின்னுருக்க மாட்டான்."