இரண்டு கட்டில்கள்

"வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்கு இரண்டு கட்டில்கள்" என்று ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரின் கணக்கு செய்தி அனுப்பியிருந்தது. வீட்டில் இருப்பதோ ஆபிதாவும் அவள் அத்தாவும் மட்டும்தான். யார் எப்போது நோயில் விழுவார்கள் என்று ஊருக்கே முன்கூட்டிச் சொல்லி இடம் பிடித்து வைக்கும் அந்தக் கணக்கு இதுவரை பொய்த்ததில்லை.

அத்தா சிரித்தார். "போவோம், அங்க ஃபேனாவது நல்லா சுத்தும்."

அன்றிரவு ஆபிதா போர்வைக்குள்ளிருந்து தோழிக்குப் போன் செய்தாள். "கயலு, எனக்கும் ஏதோ வரப்போவுதுடி. பயமா இருக்கு."

"மத்தியானம் என் பிரியாணியையும் சேர்த்துத் தின்னவ நீ. உனக்கென்னடி வரும்?" என்றாள் கயல். ஆனால் போனை வைக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த அத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ஆம்புலன்ஸ் தெருமுனையில் தயாராக நின்றது. மாலைக்குள் ஆபத்து நீங்கிவிட்டது. அவர் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஆபிதாவின் பெயர் ஒட்டியிருந்தது.

"எனக்கு என்ன நோய் சிஸ்டர்?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். "ஒண்ணுமில்லம்மா. துணைக்கு வந்து தரையில படுக்கிறவங்க அடுத்த வாரமே நோயாளியா வர்றாங்களாம். கணக்கு கண்டுபிடிச்சிருச்சு. அதான் துணைக்கும் ஒரு கட்டில்."

போன வருஷம் வேறொரு ஆஸ்பத்திரியில் உம்மாவின் கடைசி நாட்களில் துணையாக இருந்தபோது, கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருந்தாள் ஆபிதா. அங்கிருந்து உம்மாவின் தொங்கிய கை மட்டும்தான் தெரிந்தது.

இப்போது தலையணையில் தலை சாய்த்துத் திரும்பினாள். அத்தாவின் முகம் நேர் எதிரே இருந்தது.

"சொன்னேன்ல," என்றார் அவர் மெதுவாக. "ஃபேன் நல்லா சுத்துது."