நாற்பது நிமிடச் சலவை

லூசெர்ன் நகரத்து அடுக்குமாடி ஒன்றின் நிலவறையில், கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றாள் யோலாண்டா.

சிக்னல் இல்லை.

மறு கையில் மகள் செராய்னாவின் வெள்ளை அங்கி. நாளை பிள்ளைக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். மதியம் அங்கியைப் போட்டுப் பார்த்தவள், கழற்றுவதற்கு முன்னால் ஈஸ்டருக்கு வந்த ஒரு சாக்லேட் முயலின் காதுகளைக் கடித்திருக்கிறாள். மடியில் இரண்டு காதளவு கறை. யோலாண்டா கையால் கசக்கியதில் முழு முயலே வந்துவிட்டது.

அங்கி பங்குக் கோயிலில் இரவல் வாங்கியது. மாற்று கிடையாது.

மணி இரண்டே கால். ஐந்துக்கு மேல் சலவை கூடாது என்பது கட்டடத்தின் சட்டம். ஞாயிற்றுக்கிழமை சலவையறையைத் திறந்தால், புதுநன்மையைவிடப் பெரிய செய்தியாகிவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் அவளுடைய முறை, நல்லவேளையாக இன்றைக்கு.

எதிரே நின்றது இயந்திரம். போன நவம்பரில் ஆறு குடித்தனமும் கூடி வாங்கியது. முந்தையதைவிட ஆயிரத்து நானூறு பிராங்க் அதிகம். எதற்கு அதிகம் என்றால், பொத்தான்களை எடுத்ததற்கு. விளக்கு இல்லை, சோப்புத்தூள் தட்டு இல்லை, தொட்டுத் திருப்ப ஒன்றும் இல்லை. இருந்ததையெல்லாம் கழற்றிய புண்ணியவானுக்கு வடிவமைப்பு விருது வேறு. இரண்டு வருடம் பொறுத்தால் கதவையும் எடுத்துவிட்டு, விலையை இன்னும் ஓர் ஆயிரம் ஏற்றுவார்கள்.

கதவைச் சாத்தினால் தானே ஓடும். நான்கு மணி நேரம். பூமியைக் காப்பாற்றுகிறதாம்.

செராய்னாவைக் காப்பாற்றக்கூடிய நாற்பது நிமிடச் சலவை கைப்பேசிக்குள் இருந்தது. மாதச் சந்தாவுக்கு.

படியேறி மேலே போய்ச் சந்தா கட்டினாள். பணம் போன வேகத்துக்கு ஒரு குறையும் இல்லை. 'இயந்திரத்தின் அருகில் நின்று உறுதிசெய்யவும்' என்றது கைப்பேசி.

கீழே ஓடினாள். 'இணையம் இல்லை.'

மேலே ஓடினாள். 'இயந்திரம் இல்லை.'

வீட்டுக்கு வீடு நிலவறையில் அணுகுண்டு விழுந்தாலும் அசையாத கான்கிரீட் பதுங்கறையைக் கட்டி, அதன் சுவரை ஒட்டினாற்போலக் கைப்பேசியில் ஓடும் இயந்திரத்தை வைக்க, இந்த நாட்டுக்காரர்களால் மட்டும்தான் முடியும்.

நான்காவது தடவை இறங்கும்போது, தரைத்தளத்து ரோஸ்லி அம்மாள் பை வைத்த சமையல் மேலுடுப்போடு படியில் நின்றிருந்தாள்.

"என்ன யோலாண்டா, படியை அளந்து முடிச்சாச்சா?"

யோலாண்டா அங்கியை விரித்துக் காட்டினாள். "நாளைக்கு எல்லாப் பிள்ளைங்களும் வெள்ளையா நிக்கும். என் பொண்ணு மட்டும் சாமியார் முன்னாடி முயலோட நிக்கணுமா?"

ரோஸ்லி அம்மாள் மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டாள். பிறகு ஒரு சாவியை எடுத்து, பதுங்கறையின் கனத்த கதவைத் தள்ளித் திறந்தாள்.

உள்ளே, உருளைக்கிழங்குப் பெட்டிகளுக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவே, குழாய் மாட்டி, மின்சாரம் கொடுத்து, துடைத்துப் பளபளவென்று நின்றது பழைய இயந்திரம். இரும்புக்கடைக்குப் போய்விட்டதென்று ஐந்து மாதமாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த அதே இயந்திரம்.

குடியிருப்போர் கூட்டத்தில், பழசு இனி ஆகாது, புதுசு வாங்கலாம் என்று முதலில் கை தூக்கியது யார், பழசை அப்புறப்படுத்தும் சிரமத்தைத் தானே ஏற்றுக்கொண்டது யார் என்பதெல்லாம் யோலாண்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. அங்கியைப் போட்டுக் கதவைச் சாத்தினாள். நாற்பது நிமிடத்துக்குத் திருப்பக் கையை நீட்டினாள்.

குமிழ்கள் இருக்க வேண்டிய இடங்களில் மொட்டைக் கம்பிகள்.

"சலவைக்கு ஆறு பிராங்க், குமிழுக்குத் தனி. ரொக்கமா குடுத்துடுங்க, இங்கதான் சிக்னல் கிடைக்காதே" என்றாள் ரோஸ்லி அம்மாள்.

யோலாண்டா ஓர் இருபது பிராங்க் தாளை நீட்டினாள். ரோஸ்லி அம்மாளின் மேலுடுப்புப் பையிலிருந்து ஒரு குமிழ் வந்தது. மாட்டித் திருப்பினாள். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டதும் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

ரோஸ்லி அம்மாள் குனிந்து, கண்ணாடி வழியே கறையை நிதானமாகப் பார்த்தாள்.

"சாக்லேட்டா? அடடா, அது வெந்நீர் இல்லாம போகாதே."

அவள் கை மறுபடி பைக்குள் போனது. உள்ளே குமிழ்கள் ஒன்றோடொன்று உரசின.