பாதிச் சோறு

நாடகத்தில் மனைவியாக நடிக்கும் செங்கமலம் பானையை வழித்துப் பரிமாறிவிட்டுக் கவிழ்த்து வைப்பாள். கணவனாக நடிக்கும் மாசிலாமணி சோறு முழுவதையும் தின்று தீர்க்க வேண்டும். அன்று தின்றுகொண்டிருந்தவனின் கண் கவிழ்த்த பானைமேல் விழுந்தது. பாதிச் சோற்றோடு தட்டை அவள் பக்கம் தள்ளினான்.

"நீயும் சாப்பிடு."

வசனத்தில் இல்லாத பேச்சு. செங்கமலம் திகைக்கவில்லை.

"நீங்க சாப்பிடுங்க. எனக்கு உள்ள இருக்கு" என்று சிரித்தாள். கவிழ்த்த பானை அவளுக்குப் பின்னாலேயே இருந்தது.

"பொய் சொல்லாத தாயி, உக்காந்து தின்னு!" கூட்டத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

செங்கமலம் குரல் வந்த திசையைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் சாப்பிடத் தொடங்கினாள். மாசிலாமணி அடுத்த வசனத்தை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். காட்சி முடிய வேண்டிய நேரம் கடந்தும் விளக்குக்காரர் விளக்கை அணைக்கவில்லை.