கால் எட்டுகிற கடல்

குஜிலியம்பாறைப் பக்கம் சுருளிவேலின் காட்டில் ஒரு துண்டு சுண்ணாம்புக்கல் வேண்டும் என்று ஆராய்ச்சி மாணவி ஜீவிதா கெஞ்சினாள். பெரியவர் அசையவில்லை.

“பாட்டன் காடு. கண்டவங்க கை வைக்க விடமாட்டேன். குவாரிக்காரன் அனுப்புன ஆளா நீ?”

“இல்லைங்க ஐயா, படிக்கிறேன். ஒரு காலத்துல இங்க கடல் இருந்துச்சு.”

“ஏத்தா, குடிக்கத் தண்ணியில்லாத காட்டுல கடலா?”

“நெசமாத்தான். சின்னச் சின்ன உயிருங்க படியவச்ச சுண்ணாம்பு, கடலடியில மேடையா வளந்துச்சு. கடல் ஏற ஏற மேடையும் ஏறுச்சு. கடைசியில ஈடுகொடுக்க முடியாம மூழ்கிருச்சு.”

“மூழ்குறதுக்கு முந்தி எம்புட்டு ஆழம்?”

கல் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுகிறார் என நினைத்தாள்.

“ஆழமே இல்லைங்க. வெயில் அடிவரைக்கும் போகும்.”

“ஆளு நின்னா கால் எட்டுமா?”

“பல இடத்துல எட்டும்.”

பெரியவரே கடப்பாரையால் இரண்டு துண்டு பெயர்த்தார். ஒன்றை அவளிடம் நீட்டினார்.

“இன்னொண்ணு எதுக்குங்க ஐயா?”

“கப்பலுக்குப் போன மகனைக் கடல் கொண்டுபோயிருச்சு. உடம்பு கிடைக்கலை. வருவான் வருவான்னு காரியம் செய்யாம ஊருக்குள்ள நிமிந்தே திரிஞ்சேன். இனியாச்சும் அவனா நெனச்சு ஒரு கல்லை ஊன்றி, கருமாதி செய்யணும்.”

கல்லை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“அவனுக்கு நீச்சல் தெரியாது, தாயி.”