எலாதியோவின் ஒரே அடி

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரக் கலைக்கூடத்து வாசலில் எலாதியோ விட்ட மூச்சில் கதவுத் திரை படபடவென்று பறந்தது. அப்படியொரு கோபம்.

பின்னே? ஆறு வருஷம் அவனிடம் அடி வாங்கிவிட்டு ஓடிப்போனவள் அவன் மனைவி எவுலாலியா. அந்த அடிகளையே கண்காட்சியாக்கி ஊரைக் கூட்டியிருக்கிறாளாம்! இன்றோடு அதை ஒழித்துக்கட்டுவதாக மதுக்கடையில் சபதம் போட்டுவிட்டு வந்திருந்தான்.

"சார், குடையக் குடுத்துட்டுப் போங்க. அப்புறம், உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்..." என்றாள் வாசலில் இருந்த பெண்.

"எனக்கு எவளும் எதுவும் சொல்ல வேணாம்!" குடையை வீசிவிட்டு நுழைந்தான்.

கூடத்தின் நடுவே, இடுப்பில் கட்டிய கயிற்றில் ஊஞ்சல்போல ஆடிக்கொண்டிருந்தாள் ஒரு காகிதப் பெண். பனைமர உயரம். கன்னம் ஊதாவாகக் கன்றியிருந்தது. உதட்டில் மட்டும் ஒரு சிரிப்பு. சாட்சாத் எவுலாலியாவின் முகம்! சுற்றிலும் குழந்தைகள் வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்திலேயே வண்ணத் துணி சுற்றிய ஒரு கழி. குடையைப் பிடுங்கிக்கொண்டவர்கள் இதை விட்டுவைத்திருக்கிறார்களே, மடையர்கள்!

"பொறந்தநாளுக்குக் காகிதக் கழுதை ஒட்டி வித்தவ, இப்ப பெரிய கலைஞியா?" என்று பொம்மையருகே நின்றிருந்த எவுலாலியாவைப் பார்த்து உறுமினான்.

"என்ன செய்ய, கை அதுலயே பழகிடுச்சு," என்றாள் அவள். "தயவுசெஞ்சு அவ மேல மட்டும் கை வெச்சிடாதே. ரெண்டு வருஷ உழைப்பு."

அது போதாதா? கழியை எடுத்து ஓங்கினான். யாரும் தடுக்கவில்லை. வாசல் பெண் மட்டும் ஓடிவந்து குழந்தைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

ஒரே அடி! காகித வயிறு பிளந்தது. புளிமிட்டாய், ஆரஞ்சு, கரும்புத் துண்டு, வேர்க்கடலை என்று மலைமலையாகக் கொட்டியதில் எலாதியோ முழங்கால்வரை புதைந்தான். குழந்தைகள் 'ஹோ'வென்று பாய்ந்தார்கள். கைதட்டலில் கூரை எகிறியது.

எலாதியோவுக்கு வேர்த்தது. பிறந்தநாள்தோறும் இப்படி எத்தனை காகிதக் கழுதைகளை அடித்து உடைத்து மிட்டாய் பொறுக்கியிருப்பான்! அதே வேலைதான், கழுதைக்குப் பதில் பெண்.

எவுலாலியா ஓர் ஆரஞ்சை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"யாரு வேணாலும் அடிக்கலாம்னு மூணு வாரமா வாசல்லயே சொல்லிட்டிருக்கோம். பொம்பளைய அடிக்க மாட்டோம்னு ஒருத்தரும் கழியத் தொடல. பாவம், பிள்ளைங்க மிட்டாய்க்கு ஏங்கிப் போச்சு."

அவள் சிரித்தாள்.

"நல்லவேளை, நீ வந்தே!"