குளிக்காமல் தூக்காதே

“அங்கயே நில்லுய்யா. கிட்ட வராத.”

ரேணுகா போட்ட அதட்டலில் தேவா ஆஸ்பத்திரி வாசற்படியிலேயே நின்றுவிட்டான். உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவன், பிள்ளைக்கு முடியவில்லை என்று போன் வந்ததும் அப்படியே ஓடிவந்திருந்தான். முழங்கால் வரைக்கும் உப்பு காய்ந்து வெளுத்துக் கிடந்தது.

ரேணுகாவின் மடியில் மூன்று வயது தர்ஷிகா. முகத்தில் நெபுலைசர் மாஸ்க், அதற்குள் வெள்ளைப் புகை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கியது.

ரேணுகா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன தடவை வீசிங் வந்தபோது ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்த்தான் பிள்ளையைக் காப்பாற்றினார்கள். இந்தத் தடவை அங்கே போகிறவரை தாங்குமா என்று தெரியவில்லை.

பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

எல்லாம் இந்த மனுஷன் சுமந்துகொண்டு வருகிற உப்பால்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. வீட்டில் சட்டமே போட்டிருந்தாள். உப்பளத்திலிருந்து வந்தால் துணியை வெளியிலேயே போட்டுவிட்டுக் குளிக்க வேண்டும். குளிக்காமல் பிள்ளையைத் தூக்கக் கூடாது. குளித்தாலும் அவள் தலையசைத்தால்தான் தூக்கலாம்.

உப்பளத்துக்காரனைக் கட்டிக்கொண்டு உப்போடு மல்லுக்கு நிற்கிறாள் என்று தெருவே சிரித்தது. தேவா மட்டும் சிரிக்கவில்லை. தள்ளி உட்கார்ந்தபடியே பிள்ளைக்கு வேடிக்கை காட்டப் பழகிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வேலை இல்லை, அன்றைக்குப் பிள்ளைக்கு இரைப்பும் இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்பாள் ரேணுகா.

மாஸ்க்கைச் சரிசெய்ய வந்த டாக்டரம்மா, அதைப் பிடித்திருந்த ரேணுகாவின் விரல்களைப் பார்த்தார். நுனியெல்லாம் தோல் உரிந்து வழவழவென்று சிவந்திருந்தன.

“கை ஏம்மா இப்டி இருக்கு?”

“சோப்புத்தூள் கம்பெனில வேலைங்க மேடம். ரேஷன் கடை மெஷின்லகூட ரேகை விழ மாட்டேங்குது,” என்று சங்கடமாகச் சிரித்தாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகைதான் அந்தக் கம்பெனி. மூட்டையில் வரும் என்சைம் பொடியைச் சோப்புத்தூளோடு கையால் கலப்பது அவள் வேலை. ரத்தக்கறை, முட்டைக்கறை எதுவானாலும் தின்றுவிடும் என்று முதலாளி பெருமையடிப்பார். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. சேலையெல்லாம் எலுமிச்சை வாசனை அடிக்கும். சாயங்காலம் அவள் வந்து தூக்கியதும் பிள்ளை அவள் தோளில்தான் மூக்கைப் புதைத்துக்கொள்ளும்.

“அந்தப் பொடி எப்பலேர்ந்து கலக்கறீங்க?”

“தீபாவளி முடிஞ்சதுலேர்ந்துங்க.”

“இவளுக்கு வீசிங் எப்ப ஆரம்பிச்சுது?”

ரேணுகா வாயைத் திறந்தாள். அதே பதில்தான் வந்து நின்றது. தீபாவளி முடிந்ததிலிருந்து.

டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். கறையில் இருப்பது புரதம், அதைத்தான் அந்தப் பொடி அரிக்கிறது. தூளாக மூச்சில் போனால் அதற்குத் துணியும் ஒன்றுதான், நுரையீரலும் ஒன்றுதான். உள்ளே புண்ணாகி வீங்கும். வீங்கிய இடத்தில் உடம்பும் தன் பங்குக்கு அதே மாதிரிப் பொருளைச் சுரந்து இன்னும் அரிக்கும். இப்போதைக்கு இது சந்தேகம்தான், பரிசோதனை செய்துதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்.

ரேணுகாவின் காதில் பாதிதான் விழுந்தது. அவள் தன் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலை மடிப்பில் மாவு மாதிரி மெல்லிசாகப் படிந்திருந்த தூளின்மேல் பிள்ளையின் கன்னம் அழுந்திக் கிடந்தது. இரைப்பு கூடக்கூட அவள் இறுக்கி இறுக்கி அணைத்த தோள் அது. இன்றைக்கும் பக்கத்து வீட்டில் ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைதான். இவள் போய்த் தூக்கிய பிறகுதான் இரைத்தது. ஞாயிற்றுக்கிழமை இவளுக்கும்தான் லீவு.

“உப்பு பரவாயில்லைங்களா மேடம்?”

“உப்பு ஒண்ணும் பண்ணாதும்மா.”

ரேணுகா வாசலைப் பார்த்தாள். “உள்ள வாய்யா. பிள்ளையப் பிடி.”

தேவா இரண்டடி வைத்துவிட்டு நின்றான். தன் காலைக் குனிந்து பார்த்தான்.

“நான் இன்னும் குளிக்கலியே,” என்றான்.

அவள் தன் சேலையைப் பற்றியிருந்த பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிள்ளை விட மறுத்தது. பிரித்த விரல் மறுபடியும் வந்து பிடித்தது. கடைசியில் அவன் கையில் திணித்துவிட்டு, மின்விசிறிக் காற்று தன்மேல் பட்டு அந்தப் பக்கம் போய்விடக் கூடாதென்று சுவரை ஒட்டியே நடந்து வெளியே போனாள்.

உள்ளே பிள்ளை அம்மா, அம்மா என்று வீறிட்டது. வரும்போது அழக்கூட மூச்சில்லாமல் கிடந்த பிள்ளை. ரேணுகா அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே சாலை ஓரத்தில் நின்றாள், அழுகை நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு.