வண்டிக்கு வண்டி

சித்திரை வெயிலில் கழுத்தைச் சுற்றி மஃப்ளர், காதில் பஞ்சு, போதாததற்குக் காருக்குள் ஹீட்டர் வேறு. வெங்கிடராமனைப் பார்த்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இசக்கிராஜாவுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

“என்ன சாமி, மட்டாஞ்சேரியே வெந்து கெடக்கு. நீங்க ஹீட்டரப் போட்டுட்டு வாரியளே?”

“குளிர் ஜுரம், கேட்டேளா. நாலு நாளாச்சு. ஏசிக் காத்து பட்டா கிடுகிடுன்னு நடுங்கறது. செத்த பொறுத்துக்கோங்கோ.”

“ஒடம்பப் பாத்துக்கிடுங்க” என்று இசக்கிராஜா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜுரமாவது மண்ணாவது! வெங்கிடராமனுக்குக் கல்லு மாதிரி உடம்பு. சூடு எஞ்சினுக்குத்தான். ஏசியைப் போட்டுப் பத்து நிமிஷம் ஓட்டினால் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டு, பானெட்டிலிருந்து ஆவி கிளம்பிவிடும். ஏசியை அணைத்து ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டால், எஞ்சின் சூட்டில் பாதி காருக்குள் வந்து, வண்டி பிழைத்துக்கொள்ளும். ஒரு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

போன தடவை சென்னையிலிருந்து வந்த சம்பந்திகளையும் இதே ஜுரத்தைச் சொல்லித்தான் ஸ்டேஷனிலிருந்து வேகவைத்துக் கூட்டி வந்தார். சம்பந்தி மாமி வீட்டு வாசலிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். வெங்கிடராமனின் மனைவி விசாலாக்ஷிக்கு அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. இப்போது மகள் மதுவந்தியின் வளைகாப்புக்கு, இந்த வெள்ளிக்கிழமை, அவர்கள் மறுபடி வருகிறார்கள்.

“இந்தக் காரை எடுத்துண்டு ஸ்டேஷனுக்குப் போனேள்னா, நான் எங்கண்ணா ஆத்துக்குப் போயிடுவேன். வளைகாப்பை நீங்களே நடத்திக்கோங்கோ” என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

அதனால்தான் இந்த ஏற்பாடு. கொச்சங்காடியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் இசக்கிராஜா, வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்ளத் தயார் என்று தரகர் சொல்லியிருந்தார்.

“இழுப்பு பிரமாதம் சாமி! காலை வச்சதும் பாயுதே!” என்றார் இசக்கிராஜா.

“பின்னே? நான் வச்சுண்டிருக்கற வண்டியாக்கும்” என்றார் வெங்கிடராமன். ஏசிக்குப் பலத்தைப் பங்கு கொடுக்காத எஞ்சின் பாயாமல் என்ன செய்யும்? அதையெல்லாம் அவர் சொல்லவில்லை.

அடுத்து இசக்கிராஜாவின் காரில் ஏறினார்கள். கதவைத் திறந்ததுமே குளிர் முகத்தில் அடித்தது. மஃப்ளரோடு இருந்தும் வெங்கிடராமனுக்கு நிஜமாகவே பல் தந்தியடித்தது. கொஞ்சம் குறைக்கலாம் என்று கையை நீட்டினார்.

இசக்கிராஜா சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார். “அதத் தொடாதிய சாமி. எனக்கு உஷ்ண ஒடம்பு. ஏசி ஒரு நிமிசம் நின்னாலும் மேலெல்லாம் கொப்புளம் கெளம்பிரும்.”

“ஐயோ, வேண்டாம், வேண்டாம். இருக்கட்டும்.”

“பாலத்துப் பக்கம் போவாண்டாம், ஒரே பிளாக். கடைத்தெருவ ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்பிருவோம்.”

வண்டி சற்று மந்தமாகத்தான் போயிற்று. போனால் போகட்டும், ரேஸுக்கா விடப் போகிறோம்? குளிர் கிடைத்தால் போதும் என்று வெங்கிடராமன் அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். தெருமுனை திரும்பியதும் மஃப்ளரைக் கழற்றிப் பின் ஸீட்டில் எறிந்தார்.

வீட்டு வாசலில் நின்ற காருக்குள் விசாலாக்ஷி உட்கார்ந்து பார்த்தாள். “அப்பாடா! என்ன சுகம்! ஏன்னா, அந்த மனுஷர் பாவமில்லையோ?”

“பாவம் பார்த்தா சம்பந்தி மாமியை யார் பார்க்கறது?” என்றார் வெங்கிடராமன். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எர்ணாகுளம் ஸ்டேஷனுக்குத் தனியாகக் கிளம்பினார். பாலத்தில் வண்டி முனகினாலும் ஏறிவிட்டது. போனில் இசக்கிராஜாவின் மிஸ்டு கால் நாலு இருந்தது. தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, எடுக்காமல் விட்டார்.

சம்பந்தி, சம்பந்தி மாமி, மாமியின் தங்கை, தங்கை கணவர், ஐந்து பெட்டிகள். எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள்.

“பேஷ்! ஊட்டி மாதிரின்னா இருக்கு!” என்றாள் மாமி. வெங்கிடராமனுக்கு ஒரு வருஷத்து மானம் திரும்பி வந்தது போல நெஞ்சு நிறைந்தது.

தோப்பும்படிப் பாலத்தின் ஏற்றம் வந்தது. பாதி ஏறியதும் வண்டி திணறியது. காலை முழுக்க அழுத்தினார். ஆட்டோக்கள் தாண்டிப் போயின. பின்னாலிருந்து பஸ்காரன் ஹாரனை அடித்துக் காதைப் பிளந்தான். ஏசி எஞ்சினை இழுத்துப் பிடிக்கிறது, ஒரு நிமிஷம் அணைத்தால் ஏறிவிடும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? பட்டனை அமுக்கினார்.

வண்டி ஜம்மென்று ஏறியது. கூடவே, டேஷ்போர்டிலிருந்து குப்பென்று அனல் அடித்தது. அவருக்கு நன்றாகப் பழகிய அதே அனல்! ஹீட்டரை அணைக்கலாமென்று குமிழைத் திருகினார். அது முன்னமே அணைந்த நிலையில்தான் இருந்தது. எந்தப் பக்கம் திருகினாலும் வெறுமே சுற்றியது. பதறிப்போய் ஏசியைப் போட்டார். வண்டி ஏற்றத்தில் நின்றுவிடப் பார்த்தது. பஸ்காரன் மறுபடி அலறினான். அணைத்தார். அனல் அடித்தது.

உஷ்ண உடம்பு யாருக்கு என்று இப்போது வெங்கிடராமனுக்குப் புரிந்தது. காதோரம் வியர்வை வழிய, திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் ஓட்டினார்.

பின் ஸீட்டில் கிடந்த மஃப்ளரை எடுத்து விசிறிக்கொண்டே சம்பந்தி மாமி கேட்டாள்:

“என்ன மாமா, அந்த ஜுரம் இன்னும் விடலையா?”